விலை என்பது விதி அல்ல: பார்வை மங்கியோருக்குக் கைகொடுக்கும் கருவிகள்

சங்க வேலையாகச் சென்ற மாதம் லூமுட் பக்கம் போயிருந்தோம். பங்கோர் தீவுக்குப் படகு ஏற வருகிறவர்களுக்கு லூமுட் என்றால் கடற்கரையும் கருவாட்டுக் கடையும்தான். பெரிய சடக்கை விட்டு உள்ளே திரும்பினால்தான் நம் சனங்களின் லூமுட் தெரியும். சித்தியவான், ஆயர் தாவார் வரைக்கும் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. ஆங்காங்கே சிறு தோட்டங்களில் மட்டும் இன்னும் பால்மரங்கள் மிச்சமிருக்கின்றன.

கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட ஓர் அக்கா வந்தார். வயது 52. முப்பது வருடத்துக்கு மேலாகப் பால் வெட்டுகிறவர். தாளை வாங்கியவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார், பிறகு கிட்டே கொண்டுவந்தார், மறுபடி நீட்டினார்.

"எங்க தம்பி போடணும்? கோடே தெரியலையே!"

பேச்சுக் கொடுத்ததும் மனத்திலிருந்தது வெளியே வந்தது. "வெட்டு சரியா விழ மாட்டேங்குது தம்பி. மரத்துல காயமாவுது. போன மாசம் மட்டும் மூணு தடவை ஏச்சு வாங்கிட்டேன். வயசாச்சு, கத்தியை வெச்சிட்டுப் புல்லு வெட்டப் போன்னுட்டாங்க. என் கை நடுங்கல தம்பி. கண்ணுதான் நடுங்குது."

எங்களோடு வந்த தோழர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "போட்டுப் பாருக்கா" என்று நீட்டினார். அக்கா கூச்சத்தோடு போட்டுக்கொண்டார். தாளைப் பார்த்தார். தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அட, ரேகையெல்லாம் தெரியுதே!"

அந்தக் கண்ணாடி பசார் மாலாமில் 10 வெள்ளிக்கு வாங்கியது. ஒரு மனுஷியின் முப்பது வருடத் தொழிலைக் காப்பாற்ற அந்த 10 வெள்ளிக் கண்ணாடி போதுமாக இருந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

நமக்கு நம் தகப்பனார் ஞாபகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அவரையும் இப்படித்தான் பால் வெட்டிலிருந்து நிறுத்தி வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். கூலி குறைந்தது. "கண்ணு போனா எல்லாம் போச்சு" என்று அவரும் சொல்லிக்கொண்டார், நாமும் நம்பினோம். அது கண்புரை, அறுத்து எடுத்தால் தெளியும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்திலும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே இந்த வாரம் கண் பற்றியும் கருவி பற்றியும் எழுதுகிறோம். கண்பார்வை குறைந்தோருக்கான கருவி என்றாலே அது பணக்காரர் சமாச்சாரம் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அஸ்ஸாம் தேயிலைக் காட்டில் எடுத்த கணக்கு

நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களிடையே நடந்த ஒரு சோதனையை முதலில் சொல்கிறோம். 2017-ஆம் ஆண்டு இந்தியாவின் அஸ்ஸாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 கொழுந்து பறிப்பவர்களை மருத்துவ ஆய்வாளர்கள் தெரிந்தெடுத்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எல்லாருக்கும் தூரப் பார்வை சரியாக இருந்தது, கிட்டப் பார்வைதான் மங்கியிருந்தது.

சீட்டுக் குலுக்குவது போல அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உடனே இலவசக் கண்ணாடி. மற்றக் கூட்டத்துக்குச் சோதனை முடிந்த பிறகு கண்ணாடி. அதன்பின் ஒவ்வொரு நாளும் யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்று தராசைப் பார்த்தார்கள். கிராணியின் தராசு பொய் சொல்லாது அல்லவா?

பருவம் நன்றாக இருந்ததால் இரண்டு கூட்டத்துக்குமே கிலோ ஏறியது. ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட நாளுக்குச் சுமார் 5 கிலோ அதிகமாக ஏறியது. விழுக்காட்டில் சொன்னால் 21.7 விழுக்காடு உயர்வு. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த உயர்வு 31 விழுக்காட்டுக்கும் மேல். ஆளுக்கு ஆன செலவோ சுமார் 10 அமெரிக்க டாலர். 2018-ல் இந்த முடிவு 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது.

கிலோ என்றால் கூலி என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 5 கிலோவும் அதற்கு முன்பும் அந்தச் செடிகளில்தான் இருந்தது. பறிக்கும் கைக்குத் திறமையும் இருந்தது. கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரித்துப் பார்க்கக் கண்தான் ஒத்துழைக்கவில்லை. "வயசாச்சு, வேலை ஓடல" என்று எத்தனை பேரை நாமே ஒதுக்கியிருப்போம்!

வெள்ளெழுத்து வேறு, கண்புரை வேறு

நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பது மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். இது நோயல்ல. கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. இளமையில் அது வளைந்து கொடுக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிப்போய் வளைய மறுக்கிறது. நரை வருவது போல இதுவும் எல்லாருக்கும் வரும். மூக்குக் கண்ணாடியே இதற்கு எளிய மருந்து.

பால் வெட்டுக்காரருக்கு இதனால் வரும் கேடு பெரிது. தலைவிளக்கின் வெளிச்சத்தில், விடியுமுன்னே, பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தின் உயிர்ப்பட்டையில் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னாளில் அங்கே வெட்டுப் போட முடியாது. வெள்ளெழுத்து வந்தவர் இந்த வேலையைக் குத்துமதிப்பாகத்தான் செய்கிறார். ஏச்சு வாங்குவது அவர், குற்றமோ அவருடையது அல்ல.

கண்புரை வேறு. அதே வில்லை வெண்மை படர்ந்து, பனி மூடிய கண்ணாடி போலாகிவிடும். இதற்கு மூக்குக் கண்ணாடி போதாது. அறுவை செய்து மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைக்க வேண்டும். நம் நாட்டில் 2014-ல் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் அறுவை செய்யாமல் விட்ட கண்புரைதான் என்று தெரிந்தது. அதாவது திரும்பப் பெறக்கூடிய பார்வையை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பசார் மாலாம் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு உதவும், ஆனால் உள்ளே இருக்கும் நோயைக் காட்டித் தராது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய் ஓசையில்லாமல் பார்வையைத் தின்றுவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கண்ணின் உட்திரையில் இரத்தம் கசியும். இவ்விரண்டிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. ஆகவே முதலில் கிளினிக்கில் கண்ணைக் காட்டுங்கள், கண்ணாடி பிறகு. இனிப்பு நீர் உள்ளவர்கள், நன்றாகத் தெரிந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும்.

மதுரையில் விலையை உடைத்த கதை

கண்புரை அறுவையில் வைக்கும் செயற்கை வில்லை ஒரு பொட்டு அளவுதான் இருக்கும். ஆனால் 1980-களில் அதன் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு வில்லை 100 அமெரிக்க டாலருக்கும் மேல். ஆகவே ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டி அடி போன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். நம் தோட்டத்துப் பாட்டிமார் சிலர் அந்தக் கண்ணாடியோடு நடமாடியது பலருக்கு நினைவிருக்கும்.

தமிழ்நாட்டு மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்று ஒருவர் இருந்தார். 1918-ல் கிராமத்துக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை தந்தார். 58 வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு உள்ளவர் கட்டட்டும், இல்லாதவருக்கு இலவசம் என்பதே அங்கே முறை.

வில்லை விலை இடைஞ்சலாக இருந்தது. அதற்காக ஏழைகளைத் திருப்பி அனுப்ப அவர்கள் மனம் ஒப்பவில்லை. "இதை நாமே செய்தால் என்ன?" என்று துணிந்தார்கள். 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் பிறந்தது. அங்கே செய்த வில்லை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை வில்லை போகிறது. டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார்.

தோழர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 100 டாலர் என்பது கடவுள் போட்ட விலை அல்ல. யாரோ நிர்ணயித்த விலை. இன்னொருவர் உட்கார்ந்து யோசித்ததும் அது பத்தில் ஒரு பங்காக இறங்கியது. கூலி உயர்வுக் கோரிக்கையில் நாம் என்ன சொல்கிறோமோ அதே கதைதான். விலை என்பது விதி அல்ல.

பெரியண்ணன் வீட்டில்

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்த அக்கா, "தம்பி, வந்தது வந்தீங்க, இன்னொரு எடத்துக்கும் வந்துட்டுப் போங்க" என்று இரண்டு வீடு தள்ளி அழைத்துப் போனார். அங்கே அவருடைய அண்ணன் பின்கட்டில் பலகையில் உட்கார்ந்திருந்தார். 61 வயது. செம்பனைக் குலை வெட்டியவர். இனிப்பு நீரால் 58 வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. மருத்துவர் பார்த்துவிட்டு இனி திரும்பாது என்று சொல்லிவிட்டாராம். அதோடு மூன்று வருடமாக அந்தப் பலகைதான் அவருக்கு உலகம்.

"வலி இல்ல தம்பி, பசி இல்ல. கக்கூஸுக்குப் போகவும் ஒருத்தர் கையைப் புடிக்கணும். அதுதான் தாங்க முடியல" என்றார்.

கண்ணாடியும் அறுவையும் உதவாத இவரைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. முதலாவது, ஒரு கோல்.

வெள்ளைக் கோலின் கதை சின்னது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வை இழந்தார். வாகனம் ஓட்டுகிறவர்கள் தம்மைக் கவனிக்கவேண்டுமென்று 1921-ல் தம் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினார். அவ்வளவுதான். பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் பார்வை இழந்த போர்வீரர்களுக்காக நீளமான, கனம் குறைந்த கோலையும் அதைப் பயன்படுத்தும் முறையையும் உருவாக்கினார்.

அந்த முறையைக் கேளுங்கள். கோல் நெஞ்சுக்கூட்டு உயரம் இருக்க வேண்டும். உடம்புக்கு நேராகப் பிடித்து, தோள் அகலத்துக்கு இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். இடக்கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தட்டும், வலக்கால் போகும்போது இடப்பக்கம் தட்டும். அடுத்த கால் வைக்கப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுச் சொல்லிவிடும். லோங்காங் இருக்கிறதா, படி இருக்கிறதா, மண்ணா, தாரா என்பது கைக்குத் தெரியும். கிழவர் ஊன்றும் கைத்தடி வேறு, இது வேறு. இது விரலின் நீட்சி. ஆனால் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, பழக்கித் தரவும் ஆள் வேண்டும்.

கோலுக்கு ஒரு குறை உண்டு. தரையில் இருப்பதைத்தான் சொல்லும். நெஞ்சு உயரத்தில் தொங்கும் கிளை, நிறுத்தியிருக்கும் லாரியின் பின்பலகை, துணி காயப்போடும் கம்பி இவை முகத்தில் இடித்த பிறகுதான் தெரியும். இதற்கு டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாலகிருஷ்ணனும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். 2005-ல் மாணவர் வேலையாகத் தொடங்கியது அது. கோலின் பிடியில் பொருத்தும் சிறு கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். வௌவால் பறப்பது போலத்தான். எதிரில் 3 மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் ஒலி திரும்பி வந்து, பிடி கையில் அதிரும். கிட்டே நெருங்க நெருங்க அதிர்வு மாறும்.

இந்த 'ஸ்மார்ட்கேன்' கருவியைச் சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தொழிற்சாலை செய்தது. 2014-ல் வெளிவந்தபோது விலை சுமார் 3,000 ரூபாய். மேல்நாட்டில் இது போன்ற கருவிகள் இதைப் போலப் பல மடங்கு. மதுரையில் நடந்ததுதான் சென்னையிலும் நடந்தது.

காசே இல்லாத கருவிகள்

கடையில் வாங்குவது மட்டும்தான் கருவி என்று நினைக்க வேண்டாம். பார்வை இழந்தோர் தங்களுக்குள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிகள் பல. அவற்றில் நம் வீட்டுக்கு ஏற்ற சில:

மருந்துப் புட்டி இரண்டு இருந்தால், காலை மருந்துக்கு ஒரு ரப்பர் வளையம், இராத்திரி மருந்துக்கு இரண்டு வளையம் போடுங்கள். விரல் தடவிப் படித்துக்கொள்ளும். நாம் வெட்டிய பாலில் பிறந்த ரப்பர் நமக்கே உதவட்டுமே!

பண நோட்டை வகைக்கு ஒரு விதமாக மடித்து வையுங்கள். 1 வெள்ளியை மடிக்காமல், 5 வெள்ளியைக் குறுக்கே ஒரு மடிப்பு, 10 வெள்ளியை நெடுக்காக ஒரு மடிப்பு. முதல் தடவை வீட்டார் பிரித்துக் கொடுத்தால் போதும். கடையில் ஏமாறும் பயம் குறையும்.

கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு வண்ணம்தான் உதவி. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது; கறுப்பு அல்லது கரும்பச்சைத் தட்டில் போடுங்கள். படி விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டுங்கள். எழுத்துப் படிக்கப் பூதக்கண்ணாடி கொடுங்கள், விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

சாமான்களை இடம் மாற்றாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நாற்காலியை நடைவழியில் விட்டுப்போகும் வீட்டில் எந்தக் கோலும் பயன்படாது.

பின்கட்டிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினோம். அக்காவின் மகன் வீட்டிலிருந்த நைலான் கயிறுதான். பெரியண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை தனியாகப் போய்த் திரும்பினார். திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளுக்குப் பிரெய்ல்

பிரான்சு நாட்டில் தோல் வேலை செய்யும் ஒருவரின் மகன் லூயி பிரெய்ல். 1809-ல் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடியபோது கூரிய ஊசி கண்ணில் குத்தி, பிறகு இரண்டு கண்ணும் போயிற்று. 15 வயதில், அதாவது 1824-ல், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்து முறையை உருவாக்கினார். ஒரு பலகை, ஒரு குத்தூசி, கொஞ்சம் தடித்த காகிதம் இருந்தால் போதும். தமிழையும் அதே ஆறு புள்ளியில் எழுதலாம்.

நம் நாட்டில் பினாங்கு செயிண்ட் நிக்கலஸ் இல்லமும் ஜொகூர்பாருவிலுள்ள பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும் பல தலைமுறைகளாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி தந்திருக்கின்றன. அப்படியிருந்தும், பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளையை "வெளியே விட்டா விழுந்துருவான்" என்று வீட்டுக்குள் அடைத்து வைத்ததைத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அன்பால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு பிள்ளையின் வாழ்க்கையைப் பூட்டிவிடுகிறது. பெரியண்ணனைப் போல இனிப்பு நீரால் பார்வை போனவர்களுக்கு விரல் நுனி மரத்துப் போவதால் பிரெய்ல் படிப்பது சிரமம். பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை.

வீட்டிலேயே இருந்த கருவி

பெரியண்ணனுக்கு உதவியது காது. அவருடைய பேத்தி, இடைநிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, கையில் கைப்பேசியோடு பக்கத்தில் நின்றது. "அதைக் கொஞ்சம் கொடும்மா" என்று வாங்கினோம்.

இன்றைய கைப்பேசிகளில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதன் பெயர் டாக்பேக். ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009-லிருந்தே இருக்கின்றன. தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. அமைப்புப் பகுதிக்குப் போய், மலாயில் 'கெபொலேசாப்பாயான்' என்றிருக்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும். தமிழ்க் குரலும் உண்டு. ஒரு விஷயம் கவனம்: இதை முடுக்கிவிட்டால் கைப்பேசி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு தடவை தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். பழகும் வரை வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.

கணினிக்கும் இப்படி உண்டு. கணினித் திரையைப் படிக்கும் மென்பொருள்கள் ஒரு காலத்தில் கணினியைவிட விலை அதிகமாக விற்றன. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள், சிறுவயதில் இசை முகாமில் சந்தித்த நண்பர்கள், இது அநியாயம் என்று நினைத்தார்கள். 2006-ல் கர்ரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை இருவரும் சேர்ந்து வளர்த்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். கண் தெரியாதவர்கள் கண் தெரியாதவர்களுக்குச் செய்துகொண்ட கருவி அது. பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

டென்மார்க்கில் பார்வை குறைந்த ஒருவர் தொடங்கி 2015-ல் வெளிவந்த 'பி மை ஐஸ்' என்ற செயலியும் இலவசம். பார்வையற்றவர் கைப்பேசியைக் காட்டினால், எங்கோ இருக்கும் தொண்டர் ஒருவர் பார்த்து, இது எந்த மருந்து, எந்தத் தேதி முடிகிறது என்று சொல்வார்.

பேத்தியின் கைப்பேசியில் தமிழ்க் குரலை முடுக்கி, அவர் விரலை எடுத்துத் திரையில் வைத்தோம். மணி என்ன என்று அது சொன்னது. மறுபடி தொட்டார், மறுபடி சொன்னது. மூன்று வருடமாக யாரிடமாவது கேட்டுத்தான் மணி தெரிந்துகொண்டவர்.

"இது என்ன வெலை தம்பி?"

"காசு இல்ல பெரியண்ணே. உங்க பேத்தி போன்லயே இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "மூணு வருசமா இங்கயேவா இருந்துச்சு?"

நமக்குப் பதில் வரவில்லை.

கேட்டுப் பெற வேண்டியவை

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-ல் வந்தது. அரசாங்க மருத்துவர் பரிசோதித்துப் பாரத்தில் எழுதிக் கொடுத்தால், சமூக நல இலாகாவில், அதாவது ஜே.கே.எம்.மில், ஓ.கே.யு. அட்டைக்குப் பதியலாம். அந்த அட்டைதான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. அரசாங்க மருத்துவமனைக் கட்டணச் சலுகை, தகுதியுள்ளவர்களுக்கு மாத உதவித் தொகை, துணைக் கருவி வாங்க உதவி ஆகியவற்றுக்கு மனுச் செய்ய இது வேண்டும்.

60 வயதுக்கு முன் நோயால் வேலை செய்ய இயலாமல் போனவர், சந்தா நிபந்தனை சரியாக இருந்தால், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். வேலையில் கண்ணில் அடிபட்டால் அது தனி. குலை வெட்ட மேலே பார்க்கும்போது தூசியும் முள்ளும் கண்ணில் விழுவதை "சும்மா தூசி" என்று விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். விபத்தென்று பதியச் சொல்லுங்கள். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ ஊற்ற வேண்டாம், அதில் கிருமி சேர்ந்தால் கண் அழுகிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி கேட்பது உங்கள் உரிமை.

கோலூன்றி நடக்கவும், கைப்பேசி, கணினி பழகவும், தொழில் கற்கவும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951-ல் தொடங்கியது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். லூமுட் வட்டாரத்தாருக்குப் பக்கத்தில் ஸ்ரீ மஞ்சோங் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. முதலில் பக்கத்துக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

குற்றம் நம் மேலும்தான்

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த மூன்று வருடத்தில் நாம் அந்தத் தோட்டத்துக்குப் பல தடவை போயிருக்கிறோம். கூட்டம் போட்டோம், சந்தா கேட்டோம், கூலியைப் பற்றிப் பேசினோம். பின்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை ஒருநாளும் கேட்கவில்லை. அவர் வேலையை விட்டதும் நம் பட்டியலிலிருந்தும் போய்விட்டார். சொக்சோ மனு போட வேண்டிய காலத்தில் போடப்படவில்லை. இப்போது அவருக்காக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தாமதம் நம்முடையது.

ஆகவே நம் தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் லயத்துக்கு லயம், தாமானுக்குத் தாமான் ஒரு சுற்று வாருங்கள். மூன்று கேள்வி போதும். நாற்பதைத் தாண்டியவர்களில் ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறவர் யார்? இனிப்பு நீர் உள்ளவர்களில் கண்ணைக் காட்டாதவர் யார்? பார்வை போய் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் யார்? பெயரை எழுதி, நாலைந்து பேராகச் சேர்த்து ஒரு வாகனத்தில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கைப்பேசி வேலையை ஒப்படையுங்கள். நம்மைவிட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த அக்கா கிளினிக்கில் கண்ணைக் காட்டினார். வெள்ளெழுத்துதான், வேறு கோளாறில்லை என்று சொல்லி அளவு எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடியும் வாங்கிவிட்டார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "பழைய வெட்டுக்கே திரும்பிட்டேன் தம்பி" என்றார். "அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டோம். காலை ஐந்து மணிக்கு அவர்தான் வீட்டாரை எழுப்பி விடுகிறாராம்.